உப்பிட்டவன்

முதல் தடவை அவள் விழுந்தது
அடுப்புக்கும் விறகுக்கூடைக்கும் நடுவே.
இல்லாத ஏதோ மலையில் நான்கு கால்களும் ஏறிக்கொண்டிருந்தன.
நுரை, மூத்திரம், பல் கிட்டித்த சத்தம்.
நேரத்தைப் பார் என்று சுன்னிவாவிடம் கத்தினேன்.
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி என்றாள்.
நான் நம்பவில்லை.
கடிகாரம் நின்றுபோயிருக்கும் என்று சண்டை போட்டேன்.

எழுந்தவள் எங்களை அந்நியரைப்போல் மோந்தாள்,
பிறகு நாற்காலிகளை, ஒவ்வொன்றாக.

காலை ஆறு, மாலை ஆறு, ஃபீனோபார்பிட்டால்.
மணி தவறக் கூடாது என்றார் கால்நடை மருத்துவர் ஆஸ்லாவுக்,
கோட்டில் யார் வீட்டுச் சாணியோ காய்ந்திருக்க.
குணமாகாது, குறையும்.
அந்த இரண்டு சொற்களையும் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள் சுன்னிவா.
அதன் கீழே தேதிக்கட்டங்கள்.

சாம்பல் ரோமம் என்பதால் டோக்கெ என்று பெயர் வைத்திருந்தோம்,
மூடுபனி.
முதல் மூன்று வாரம் பெயர் பலித்தது.
பின்னங்கால்கள் இரண்டும் குடிகாரன் கால்கள்.
பசியோ அடங்கவே இல்லை:
வெண்ணெய்க் காகிதம், பாதி மெழுகுவர்த்தி, பையனின் கையுறை.
வேலிக்கம்பைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தன
அவள் மேய்க்க வேண்டிய ஆடுகள்.

அப்படியும் மாதத்துக்கு இரண்டு.
இரண்டாவது மருந்தைச் சேர்த்தார்.
பொட்டாசியம் புரோமைடு, அதுவும் ஒரு வகை உப்புதான்,
ரத்தத்தில் நிறைய மாதங்கள் ஆகும், பொறுங்கள்.
பொறுத்தோம்.
அக்டோபர் வெள்ளை, நவம்பர் வெள்ளை,
டிசம்பர் கட்டங்களில் பையன் நட்சத்திரம் வரைந்தான்.

பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று.
டயஸிபாம் குழாயை வாலுக்குக் கீழே செலுத்தியபோது
என் கைதான் வலிப்புக்காரன் கை.
தொலைபேசியில் ஆஸ்லாவுக் எண்ணிக்கொண்டே இருந்தார்,
எனக்காகவா அவளுக்காகவா தெரியாது.

ரத்தத்தில் புரோமைடு பாதிதான் இருந்தது.
மாத்திரை தவறியதா?
இல்லை.
தீனி மாறியதா?
இல்லை.
எங்கே வேலை பார்க்கிறீர்கள்?
கேட்டுவிட்டு அவரே குனிந்தார்.
என் பூட்ஸின் தையல் நெடுக வெள்ளைக் கோடு.

ஆவெரோயில், கருவாட்டு ஆலையில்
காட் மீனை உப்பில் அடுக்குகிறவன் நான்.
தை பிறந்தால் உங்களுக்கு வழி; எங்களுக்கு மீன்.
இரட்டை ஷிப்ட்.
வாசலில் காத்திருப்பாள்.
பூட்ஸை நக்குவாள், ஏப்ரனை நக்குவாள்,
விரல்வெடிப்புகளில் நாக்கு நுனியை விடுவாள்.
சட்டைப்பையில் அவளுக்கென்றே
ஒரு துண்டு மீன்தோல் இருக்கும்.
அன்பு என்று நினைத்திருந்தேன்.
அன்பும்தான்.

சிறுநீரகத்துக்கு உப்பில் உப்பு பேதமில்லையாம்.
இது மிஞ்சினால்
அதையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுமாம்.
ஆறு மணிக்கு நான் கொடுத்ததை
ஏழு மணிக்கு நானே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது பூட்ஸ் கொட்டகையில்.
ஆலையிலேயே குளித்துவிட்டு
காலுறையோடு வீட்டுக்குள் வருகிறேன், திருடன் மாதிரி.
மோந்து பார்க்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள்.
வேகவைத்த உருளைக்கிழங்குக்குள் மாத்திரையை அழுத்துகிறேன்.
எங்கள் குழம்பிலும் சுன்னிவா உப்பைக் குறைத்துவிட்டாள்,
யாரும் கேட்கவில்லை.

மார்ச் ஒன்பதுக்குப் பிறகு கட்டங்கள் வெறுமை.

நேற்று விறகு பிளந்துவிட்டு உட்கார்ந்தேன்.
பின்னால் வந்து
கழுத்து வியர்வையை ஒரே ஒரு முறை நக்கினாள்.
விட்டுவிட்டேன்.
ஆஸ்லாவுக்கிடம் இதைச் சொல்லப்போவதில்லை.