ஏழாம் கூறு

ஏலத்துக்கு இன்னும் பதினோரு நாள்.
விற்கப்போகும் சரக்கைக் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை.
சரக்கு கண்ணுக்குத் தெரியாது.
தராசில் நிற்காது, வெயிலில் அழுகாது.
கோப்பில் அதன் பெயர் ஏழாம் கூறு:
எண்ணூற்று முப்பதுக்குச் சற்று மேலே
பத்து மெகாஹெர்ட்ஸ் அகலம்,
பதினைந்து வருடக் குத்தகை.
மீனுக்குப் போடுவதுபோல்
குறைந்தபட்ச விலையும் எழுதியாயிற்று.

கூரையில் ஆண்டெனா வைத்த வெள்ளை வேன்.
யாகூப் ஓட்டுவான், நான் திரையைப் பார்ப்பேன்.
ஆளில்லாத அலைவரிசை
திரையின் அடியில் கத்தரித்த புல்லாகக் கிடக்கும்.
புல்லுக்கு மேல் எது தலை நீட்டினாலும்
இறங்கிப்போய்க் கதவைத் தட்டுவோம்.

முஹர்ரக்கில் கல்யாண மண்டபம், கம்பியில்லா மைக் நான்கு.
ஹித்தில் படகுப் பட்டறை ஒன்றில்
எவனோ அணைக்க மறந்த ரிமோட்.
ஜுஃபைரில் மூன்றாம் மாடி:
குழந்தையின் அழுகையை
அடுத்த அறைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் முயல்.
அது அழ அழ எங்கள் திரையில் முள் எழுந்தது.
"காற்றுக்குக்கூடவா சொந்தக்காரன்?" என்றாள் தாய்.
"இன்னும் இல்லை," என்றான் யாகூப்,
"இந்த மாதம் இருபத்தாறு வரை."

கடைசியாக சித்ரா.
டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் தொழிலாளர் முகாம்.
அங்கே திரையில் முள் இல்லை, சுவரே எழுந்தது.
குளியலறை ஜன்னலில்
எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஆண்டெனா;
கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால்
கட்டிலுக்கடியில் சிக்னல் பெருக்கும் பெட்டி.
நாற்பது தினார்.
முப்பத்திரண்டு பேர், தலைக்கு ஒன்றேகால்.
கோசல்ராம் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினான்,
ஏலச்சீட்டு பிடிக்கிறவனின் சுத்தமான கையெழுத்து.

சுவரில் ஒரு தாள்:
நர்சிம்லு 9.10
பீர்க்கண்ணு 9.25
ரஃபீக்குல் 9.40
"அஞ்சு பேருக்கு மேல பேசினா பெட்டி திணறும் சார்."
அடியில் சிவப்பு மையில்:
பிரசவம், சாவு என்றால் வரிசை கிடையாது.

நான் வந்தது அணைக்க. அணைத்தேன்.
மஞ்சள் பையில் போட்டு அரக்கு வைத்தேன்.
கீழே வேனில் புல் படிந்துவிட்டதாக
யாகூப் ஹாரன் அடித்தான்.
கோசல்ராம் சண்டை போடவில்லை.
ரசீது கேட்டான்.
எழுதிக் கொடுத்தேன்: பெற்றது, பெட்டி ஒன்று.

இருபத்தாறாம் தேதி, ஓட்டல்.
வாசலிலேயே கைபேசிகளை வாங்கிக்கொண்டார்கள்,
நிறுவனத்துக்கு ஓர் அறை, அறைக்கொரு காவலன்.
ஒருதரம் ரெண்டுதரம் என்று கூவ ஆளில்லை.
யாரும் கை தூக்கவில்லை.
ஒவ்வொரு சுற்றுக்கும் விலை தானாக ஏறியது,
பெட்ரோல் பங்க் மீட்டர்போல.
தாங்காதவன் ஒரு பொத்தானை அழுத்தி வெளியேறினான்.
நான் நடைவழியில் கருவியோடு நடந்தேன்,
உள்ளிருந்து யாரும் வெளியே பேசிவிடாதபடி.
அங்கே மோப்பம் பிடிக்கக் கிடைத்தது
கஹ்வாவில் கொதித்த ஏலம் மட்டும்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
யாகூப் நம்பவில்லை.

பதினேழாம் சுற்றில் ஏழாம் கூறு போயிற்று.
தொகையை நான் இரண்டு தரம் எண்ணினேன், பூஜ்யங்களை.
நிபந்தனைகளோடு ஒரு வரைபடம்:
எந்த ஊருக்கு எந்த வருடம் கோபுரம்.
சித்ராவின் அந்த மூலைக்கு வெளிர்நீலம்.
வெளிர்நீலம் என்றால் மூன்றாம் வருடத்துக்குள்.

ஒப்படைக்குமுன் கடைசியாக ஒரு சுற்று அளக்கச் சொன்னார்கள்.
இரவு. டேங்கர்கள். ஈரக்காற்றில் கண்ணாடி வியர்த்தது.
திரையில் புல், வேறொன்றுமில்லை.
அறிக்கையில் எழுதினேன்: சுத்தம்.
யாகூப் வேனை நிறுத்தி மேலே காட்டினான்.
முகாமின் மொட்டைமாடியில்
ஏழெட்டுப் பேர், கை தூக்கி,
ஒவ்வொரு கையிலும் சின்ன வெளிச்சம்,
கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம்.
மணி பார்த்தேன்.
ஒன்பது பத்து.
நர்சிம்லுவின் முறை.