ஒன்பது வரிகள்

பெட்டவாவாவில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்து
கோட்டைக் கழற்றாமலே
நாற்பத்தொரு பாகை வெயிலை ஏற்றுகிறேன்.
தூசிக்குத் தனி விசை.
ஆடுகளுக்கும்.

அரைக்கோளக் கூரைக்குள் நின்று
மாஸ்டர் கோப்ரல் லெவேக் அண்ணாந்து பார்ப்பான்.
இருபத்தாறு வயது, தடிமன் பிடித்த மூக்கு,
கையில் லேசர் கருவி.
நான் அடுத்த அறையில்.
எனக்கு இரண்டு வேலை:
ஊரைக் கட்டுவது,
பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
அதன்மேல் பறக்கும் விமானியாகப் பேசுவது.

கிணறு நான் வைத்தது. மதிலும் நான் வைத்தது.
ஓர் ஆடு அந்த மதிலுக்குள் சிக்கி
மூன்று மாதமாய் நின்ற இடத்திலேயே நடக்கிறது.
பிழை எண் 2217.
யாருக்கும் நேரமில்லை.

சத்தத்தை மட்டும் உடனே திருத்தினேன்.
முதல் பதிப்பில்
விமானமும் இரைச்சலும் சேர்ந்தே வந்தன.
இல்லை, என்றேன். முதலில் அது போய்விடும்.
பிறகுதான் வானம் கிழியும்.
அதற்கும் பிறகு நாய்கள்.
எப்படித் தெரியும் என்றார் மேலாளர் ஹோல்ம்க்விஸ்ட்.
பௌதிகம், என்றேன்.
எழுதிக்கொண்டார்.
நாய்களையும் எழுதிக்கொண்டார்.

லெவேக் சொல்ல வேண்டியது ஒன்பது வரிகள்.
எங்கிருந்து, எந்தத் திசை, எவ்வளவு தூரம்,
எவ்வளவு உயரம், என்ன, எங்கே,
எதனால் குறித்திருக்கிறது, நம்மவர் எந்தப் பக்கம்,
முடிந்ததும் எந்த வழியாகத் திரும்புவது.
நான்காவதையும் ஆறாவதையும்
விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், எண் பிசகாமல்.
ஐந்தாவதைச் சொல்லத் தேவையில்லை.
அது என்ன என்பது
ஒருமுறை சொன்னால் போதும்.

புதன்கிழமை ஒரு கொடி கட்டினேன்.
யாரும் கேட்கவில்லை.
கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே நைலோன் கயிறு,
ஒரு சாரம், ஒரு பாவாடை, இரண்டு சின்னச் சட்டைகள்.
அந்தப் பாலைவனத்தில் சாரம் கட்டுகிறவர் யாரென்று
மென்பொருள் கேட்காது.
நனைந்த துணி காற்றுக்கு மெதுவாகத்தான் அசையும்;
அந்தப் பாரத்தைச் சரிபார்ப்பதில்
மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று.

வியாழன் காலை, இரண்டாம் ஓட்டம்.
ஒன்று, இரண்டு, மூன்று, குரல் நேராக வந்தது.
நான்கு.
ஐந்தில் நின்றுவிட்டான்.
மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
"ஐந்து. கட்டடம், மண் நிறம்.
வாசலில் துணி காயப்போட்டிருக்கிறது.
இன்னும் காயவில்லை."

பதினெட்டாயிரம் அடி உயரத்தில்
சுழல் நாற்காலியில் நான்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
விமானி பேசாதிருக்க வேண்டிய இடம்.
"ஐந்து," என்றேன்.
"துணி. இன்னும் காயவில்லை."

அவன் நிறுத்து என்றான்,
விதிப்படி மூன்று முறை.

மதிப்பீட்டுத் தாளில்:
தாமதம், முப்பத்தாறு விநாடி. தாக்குதல் கைவிடப்பட்டது.
விமானி பக்கம் ஒழுங்கு மீறல், ஒன்று.
உள்ளே மோட்டார் குழு இருந்ததே, என்றார் பயிற்றுநர்.
இருந்ததுதான். நானேதான் வைத்தேன்.
மூன்று பேர், ஒரு குழாய்,
அவர்கள் குந்தியிருக்க ஒரு பாயும்.
இன்னும் ஐந்து நிமிடத்தில் அவர்கள் அடித்திருப்பார்கள்,
கதை அப்படி.
அந்தத் துணிகளை எடுத்துவிடு, கவனம் சிதறுகிறது.
சரி, என்றேன்.

வாகனத் தரிப்பிடத்தில் லெவேக்
பற்றரி செத்துப்போன காருக்குப் பக்கத்தில் நின்றான்.
வயரை மாட்டிக் கொடுத்தேன்.
என் குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.
"அந்தத் துணி, அது பிழையா?"
"ஆடுதான் பிழை," என்றேன்.
"துணி இல்லை."
இயந்திரம் இருமி இருமிப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை எட்டு ஓட்டங்கள்.
எட்டும் நேரத்துக்குள்.
நான்கையும் ஆறையும் திருப்பிச் சொன்னேன்.

கயிற்றை எடுக்கச் சொல்லவில்லை அவர்.
அது அங்கேயே கிடக்கிறது, வெறுமையாய்,
எவ்வளவு தாழப் பறந்தாலும்
திரையில் ஒரு புள்ளிகூட ஆகாத தடிப்பில்.