எனக்கு மட்டும் எரிவது

தொம்மை ஓட்டினால் எரிவதில்லை.
நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால்
வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி,
சிவப்பாக.
ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருக்கிறது.
இறங்கியதை இன்னும் இறக்குகிறேன்,
தண்ணீருக்குள் மிதவையை அமுக்குவதுபோல.
எரிகிறது.

நாலரை மணிக்கு நண்டுப் பெட்டிகளோடு
தங்கச்சிமடத்திலிருந்து வந்து
பாம்பன் பாலத்தில் ஏறும்போது
கச்சான் காற்று ஆல்ட்டோவை விலாவில் இடிக்கும்.
அந்த நேரத்தில்
பிரேக்கைப் பற்றி ஏதோ சொல்லும் விளக்கைப்
பார்க்காதது மாதிரி ஓட்ட வேண்டும்.
ஆறு வாரம் அப்படி ஓட்டினேன்.

“எனக்கு எரியலையே” என்றான் தொம்மை.
உச்சிப்புளி ஜகுபர் பட்டறைக்கு
அவன்தான் கொண்டுபோனான்.
அங்கேயும் எரியவில்லை.
ஜகுபர் காசு வாங்கவில்லையாம்.
“அக்கா பிரேக்குலயே காலை வச்சு ஓட்டுறாகளோ”
என்று மட்டும் கேட்டிருக்கிறான்.
அது பின்னால் எரிகிற விளக்கு, தம்பி.

ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து
குழம்பை இறக்கி வைத்துவிட்டு
பானெட்டைத் திறந்தேன்.
பிரேக் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும்.
டப்பாவில் மேல்கோடு வரை இருந்தது,
தேன் நிறத்தில், குற்றம் சொல்ல வழியில்லாமல்.

படகுகளுக்கு எக்கோ சவுண்டர் பழுதுபார்க்கும் ரெக்ஸனிடம்
மீட்டர் இரவல் கேட்டேன்.
கொடுக்கும்போது சொன்னான்:
“போட்டுல போறதுக்கு ஒரு வயர், திரும்புறதுக்கு ஒரு வயர்.
கார்ல போறதுக்கு மட்டுந்தான்.
திரும்புறது பாடி வழியா.
வயர் தோல் உரிஞ்சு தகட்டைத் தொட்டா
அங்கேயே முடிஞ்சுரும்.”

பக்கத்து சீட்டில் மண்டியிட்டு
லிவரின் உறையைக் கழற்றினேன்.
மணல்.
இரண்டு ஒரு ரூபாய்க் காசுகள்.
செபமாலையிலிருந்து உதிர்ந்த மணி.
நண்டுக் காலின் நுனி ஒன்று, காய்ந்து.
அடியில் பல்லளவு பொத்தானோடு சுவிட்ச்;
அதற்கு ஒற்றை வயர்.
பிடுங்கினேன்.
விளக்கு எரிந்தபடியே இருந்தது.

ஆக, சுவிட்ச் யோக்கியம்.
வழியில் எங்கோதான்.

வழி கம்பளத்துக்கு அடியில் போகிறது.
கையை நுழைக்க இடமில்லை.
டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினேன்.
விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தேன்.
பிறகு சீட்டை முன்னால் இழுத்தேன்,
ஒவ்வொரு பல்லாக.
க்ளிக். இல்லை.
க்ளிக். இல்லை.
நாலாவது, இல்லை.
ஐந்தாவதில் ஒரு சிமிட்டல்.
ஆறாவதில் எரிந்தது,
அசையாமல்.

தொம்மை ஆறடி.
நான் நாலடி பதினொன்று.
ஆறாவது பல் என்னுடையது.
அவனோ ஜகுபரோ
அதுவரை முன்னால் வந்ததே இல்லை.

கம்பளத்தைக் கிழிக்காமல் தூக்கினேன்.
சீட் தண்டவாளத்தின் முனையில் துருத்திய போல்ட்
வயரைத் தகட்டோடு நசுக்கியிருந்தது.
கறுப்புத் தோல் விரிந்து உள்ளே செம்பு,
பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரில்
பச்சை பூத்து.
விரல்நகத்தால் சுரண்டினேன்.
கெட்ட பகுதியை வெட்டி, முறுக்கி,
டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி,
தண்டவாளம் எட்டாத தூரத்தில்
வலை தைக்கிற நைலான் நூலால் கட்டினேன்.
சுவிட்சை மறுபடி மாட்டினேன்.
மீட்டர் கத்துவதை நிறுத்தியது.
குழம்பு ஆறிப்போயிருந்தது.

திங்கள் விடியலில் மண்டபம் கம்பெனி வாசல்,
எடைக்கு வரிசை, சரிவு.
லிவரை இழுத்தேன்.
எரிந்தது.
இறக்கினேன். அணைந்தது.
மறுபடி இழுத்தேன், சும்மா.
முன்னால் நின்ற வண்டி நகர்ந்து
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

சாயங்காலம் தொம்மை ஏறும்போது
முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.
“சீட்டை ஏன் இங்க வச்சிருக்க?”

“இங்கதான் எரிஞ்சது” என்றேன்.