இறங்கும்போது சொல்வது

இந்த ஊருக்குப் பெயர் பாரி.
தமிழ்க் காதில் விழுந்தால்
ஒரு தேர் ஞாபகம் வரும், கூடவே ஒரு முல்லைக்கொடி.
என்னிடம் இருப்பது நாற்பதடி பஸ்.
அதுவும் நகரசபைக்குச் சொந்தம்.

இங்கே
பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள்
சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்.
பின்கதவால் போகிறவர்கள் கத்திச் சொல்வார்கள்.
பதினாறு வருஷமாகக் கண்ணாடியைப் பார்த்துத்
தலையாட்டியிருக்கிறேன்.
வாய் திறந்ததில்லை.
எங்கள் வீட்டில் அது
அந்நியருக்குச் சொல்கிற சொல்.

கோடை முழுக்க
பொழுதுபோக்குப் பூங்கா வாசலில்
பதினொன்று இருபதுக்குக் கடைசி பஸ் என்னுடையது.
விளையாட வந்தவர்கள் காரில் போய்விடுவார்கள்.
எனக்கு மிஞ்சுவது மஞ்சள் டீசேர்ட்டுக்காரர்.
பஞ்சுமிட்டாய் விற்கிற டெஸ்மண்ட்,
முழங்கை வரை சீனி.
கழிவறை கழுவுகிற ரொவெலின்.
ராட்சத ஊஞ்சலில் பெல்ட் பூட்டிவிடுகிற ஹர்நூர்,
கல்லூரிப் பிள்ளை,
ஏறியதும் தூங்கிவிடுவாள்.
அவளுடைய தரிப்புக்கு முன்னால்
பிரேக்கை ஒருதரம் கொஞ்சம் அழுத்தி மிதிப்பேன்.
அதுதான் அலாரம்.

ஆகஸ்ட், மூன்றாம் சனிக்கிழமை,
ஊஞ்சலில் இருந்து ஒரு பையன் விழுந்தான்.
ஒன்பது வயது.
இதற்கு மேல் அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

அன்றிரவு பஸ் எடுக்க ஒரு மணியாகிவிட்டது.
ஏன் தாமதம் என்று
வயர்லெஸ்ஸில் இரண்டு தரம் கேட்டார்கள்.
ஆட்கள் வருகிறார்கள் என்றேன்.
வந்தார்கள்,
போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டு
ஒவ்வொருவராக.
ஹர்நூரின் வலது கை மடியில் தனியே கிடந்தது.
பெருவிரல் மட்டும்
இல்லாத பொத்தான் ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது.
அவள் தூங்கவில்லை.
பூனை நடக்கிற மாதிரி பஸ்ஸை நிறுத்தினேன்.
நன்றி, என்று சொல்லி இறங்கினாள்.
அந்தச் சொல்லை அன்றைக்கு
எங்கிருந்து எடுத்தாள் என்று
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பதினோரு நாள் பூட்டிக் கிடந்து
பூங்கா திறந்தபோது
வெயிலுக்குள்ளும் எல்லோரும் ஜாக்கெட் போட்டிருந்தார்கள்.
கழுத்து வரை ஜிப்.
மஞ்சள் தெரியக்கூடாது.
அப்படியும் பகல் பஸ்ஸில் ஒருவர் கண்டுபிடித்து
டெஸ்மண்டிடம் கேட்டார்:
"போன் பார்த்துக்கொண்டு நின்றீர்களாமே?"
நான் விற்பது பஞ்சுமிட்டாய் என்று
டெஸ்மண்ட் சொல்லவில்லை.
சொல்லித் தப்பியிருக்கலாம்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு பனிக்காலம் என் பஸ் சறுக்கி
ஒரு அம்மாவுக்கு இடுப்பு முறிந்தது.
என்மேல் பிழையில்லை என்று கடிதம் வந்தது.
இப்போதும் வைத்திருக்கிறேன்.
நித்திரை வராத இரவில் அதை எடுத்து வாசித்திருக்கிறேன்.
வாசித்தாலும் வராது.

அன்றிரவு பதினொன்று இருபது.
கதவைத் திறந்தேன்.
டெஸ்மண்ட் ஏறினார்.
நன்றி, என்றேன்.
ரொவெலின் ஏறினாள். நன்றி.
டிக்கெட் மெஷின் பழுதோ என்பதுபோல்
அவள் அதைப் பார்த்தாள்.
ஹர்நூர் மட்டும் படியில் நின்றுவிட்டாள்.
"எதற்கு?"

ஜூன் மாதம் என் மகள் உங்கள் ஊஞ்சலில் ஏறினாள்,
நீங்கள்தான் பெல்ட் பூட்டினீர்கள்,
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தீர்கள்,
நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்,
அவள் இறங்கி வந்து ஐஸ்கிரீம் கேட்டாள்.
இவ்வளவையும்
என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

"மூன்று," என்றாள்.
"மூன்று தரம் இழுப்பேன்.
எப்போதும்."

பிறகு போய்
வழக்கமான சீட்டில் உட்கார்ந்தாள்.
அவளுடைய தரிப்பு வந்தபோது முழித்துத்தான் இருந்தாள்,
கண்ணாடியில் கண் தெரிந்தது.
என்றாலும்
பிரேக்கை ஒருதரம் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.
பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.
இருமலாகவும் இருக்கலாம்.