ஒரே திசையில்

பெயிண்டர் ஒரு கதவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டான்.
வீட்டுக்குள் இருப்பதே ஒரு கதவுதான்.
குளியலறையினுடையது பிளாஸ்டிக், அது கணக்கில் வராது.
நானே அடிக்கிறேன் என்றேன்.

செம்பூர், சுபாஷ் நகர், நாலாம் மாடி.
மழை நாலு நாள் விட்டிருந்த செப்டம்பர்.
கீலைக் கழற்றி, திருகாணிகளை ஹார்லிக்ஸ் மூடியில் போட்டு
ஜெபசிங்கும் நானும் தலைமாடு கால்மாடாகத் தூக்கி
ஹாலில் இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தினோம்.

ஹால் பக்கத்து முகத்தில்
தோள் உயரத்தில் ஒரு அழுக்குக் கோடு.
கைப்பிடியருகே என்றால் புரியும்.
இது கீலிலிருந்து விளிம்புவரை
பஸ் ரூட் மாதிரி போனது.

யாருடையதென்று எனக்குத் தெரியும்.
ஆறு வருடமாய் இரவு இரண்டு மணிக்குக்
கதவில் ஏதோ உரசும். நிற்கும். மறுபடி உரசும்.
உன் அக்கா ஒட்டுக் கேட்கிறாள் என்று
மூன்று முறை சொல்லியிருக்கிறேன் அவனிடம்.
ஒருமுறை
கதவுக்குக் கேட்கும்படியே.

நூற்றிருபதாம் தாளில் தேய்த்தேன், பிறகு இருநூற்றிருபதில்.
அந்தக் கோட்டைக் கொஞ்சம் அதிகமாகவே.
பள்ளங்களுக்குப் புட்டி. காய்ந்ததும் மறுபடி தாள்.
டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடித்தால்
நேர் வெளிச்சத்தில் படுத்துக் கிடந்ததெல்லாம் எழுந்து நிற்கிறது.
பிரைமர். அதன் மேல்
பழைய துப்பட்டாவில் வடிகட்டிய எனாமல்,
டர்பன்டைன் ஒரு மூடி.
ரோலரால் பரப்பி, பிரஷ் நுனியால்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
எடுக்காமல் ஒரே இழுப்பு, ஒரே திசையில்.
காயத் தொடங்கியதைத் திரும்பத் தொடக் கூடாது.
தொட்டேன். பால் ஆடையாய்ச் சுருங்கியது.

அன்றிரவு கதவில்லாமல் படுத்தோம்.
ரூத் மதினி பாயை ஜன்னலோரம் ஒதுக்கிப் போட்டு
எங்களுக்கு முதுகு காட்டிப் படுத்தாள்.
வாசனை நல்லாத்தான் இருக்கு, என்றாள்.

இரண்டு மணி.
சுவரை உரசிக்கொண்டு ஒரு கை வந்தது.
நிலைச்சட்டம்வரை சரியாக வந்தது.
அடுத்து, விரல்கள் காற்றைப் பிடித்தன.
உடம்பு முழுக்கச் சாய்ந்து நிமிர்ந்தது.
நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்,
தெருவிளக்கு என் முகத்தில்.
நேராக என்னைப் பார்த்தாள்.
அந்தக் கண்ணில் நான் இல்லை.
'கதவைக் கழத்திட்டாங்கல்ல,' என்று
தனக்கே சொல்லிச் சிரித்துக்கொண்டு
எதிர்ச்சட்டத்தைத் தேடித் தடவிப் போனாள்.

பகலில் என்னைவிட வேகமாய் ஊசியில் நூல் கோப்பவள்.
ஹால் விளக்கைப் போட்டிருக்கலாம்.
போட்டால்
எங்கள் கதவிடுக்கில் வெளிச்சம் விழும்.

காலையில் நான் ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு பேரும் கதவைப் பார்த்தபடி டீ குடித்தோம்.
கண்ணாடியாட்டம் இருக்கே, என்றாள்.
இன்னும் ஒரு பூச்சு பாக்கி மதினி, என்றேன்.
குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

நானூறாம் தாளை நனைத்துத் தேய்த்து
ஈரத்துணியால் துடைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பூச்சு.
மழை திரும்பி வந்ததில் காய நாலு நாள்.

மாட்டியதும் ஜெபசிங்
மொபைல் டார்ச்சைச் சாய்த்துக் குற்றம் தேடினான்.
'இங்க ஒரு தூசி உக்காந்திருக்கு பாரு, கடுகளவு.
பிளேடால எடுத்துடவா?'
தோள் உயரம். விளிம்புக்கு நாலு விரல் முன்னால்.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.
இருக்கட்டும்.
'அப்ப இவ்வளவு தேய்ச்சது எதுக்கு?'

புது எனாமலில் கை வரும் சத்தம் வேறு,
கழுவிய தட்டை விரலால் வழிப்பது மாதிரி.
வந்தது.
ஓர் இடத்தில் நின்றது.
கொஞ்சம் பின்னால் போய்
மறுபடி அங்கேயே வந்து, வட்டமாய், ஒருமுறை.
பிறகு பிளாஸ்டிக் கதவு திறந்தது.