வரி 340

காயலான் கடை செல்லப்பெருமாள் அதைக் கால்குலேட்டர் என்றார்.
"பெரிய கடைங்கள்ல வச்சிருப்பாங்கம்மா. எடைக்குத்தான் போடுறேன்."
தராசின் மறுதட்டில் படிக்கல் போதாமல்
ஒரு மிக்ஸி மூடியையும் வைத்தார்.

காந்தி வீதி, சண்டே மார்க்கெட், பதினோரு மணி வெயில்.
ரப்பர் பொத்தான்கள் விரலில் பிசுபிசுத்தன.
பெயர்ப் பட்டையில் மிஞ்சியவை எஸ், ஓ, என்.
மற்றதை உப்புக்காற்று தின்றிருந்தது.

மேல் வரிசையைப் பார்த்தேன்.
க்யூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ.
எம், கீழ்வரிசையை விட்டெழுந்து எல்லுக்குப் பக்கத்தில்,
பந்தியில் இலை மாறி உட்கார்ந்த மாமனைப்போல.
"தாம்சன்!" என்றேன் சத்தமாக.
"அது யாரு?" என்றார் செல்லப்பெருமாள்.

நான் மின்துறையில் மீட்டர் சோதிக்கிறவள்.
குருசுக்குப்பத்து வீட்டில் அன்றிரவே திறந்தேன்:
கரப்பான் முட்டை, ஒரு சிட்டிகை மணல்,
வால்வரை முழுசாக ஒரு பல்லியின் எலும்பு.
எத்தனை வோல்ட் என்ற எழுத்தும் அழிந்திருந்ததால்
ரெகுலேட்டரில் தொடங்கித் தாமிரத் தடத்தில்
பின்னோக்கி நடந்து நடந்து
அது என்ன குடித்து வளர்ந்தது என்று தெரிந்துகொண்டேன்.

பழைய பல் பிரஷ். வினிகர். பிறகு ஸ்பிரிட்.
பொத்தானடியில் கரி தேய்ந்த இடத்துக்கு
ஆறு பி பென்சில்.
கொஞ்சமே மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு சிப்பின்மேலும்
காய்ச்சல் பார்ப்பதுபோல் விரல் வைத்தேன்.
மூன்றாவது கொதித்தது.
மாற்று, ரிச்சி தெருவிலிருந்து பிஸ்கட் டப்பாவில்
பஸ் ஏறி வந்தது. அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.

இருபத்தொரு முள் சொருகி எந்த டிவியிலும் ஏறாது.
பக்கத்துச் சந்து சொல்தா வீட்டில்
பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ஒன்று
மீன்தொட்டிக்கு முட்டாக நின்றது. கேட்டேன். மீனை இறக்கித் தந்தார்கள்.

திரை வெளுத்தது, நடுங்கியது, நின்றது.
ஓகே என்றது.
அவ்வளவுதான், இரண்டே எழுத்து.
எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அதே குவியலில் அதன் கேசட் பெட்டி.
பெல்ட் தாராக உருகியிருந்தது; காய்கறிக்கட்டு ரப்பர் போட்டேன்.
உள்ளே ஒரு கேசட், பென்சிலில் ழீன்வியேவ் என்ற பெயர்.
நான்கு நிமிடம் கிறீச்சிட்டபின் பிரெஞ்சில் பெயர் கேட்டது.
அமலி என்று அடித்தேன். விரலுக்குத் தெரிந்தது வேறு விசைப்பலகை:
க்யூ விழுந்தது, அப்புறம் ஒரு கமா.
கமாவுக்குப் பின் எதையும் அது ஏற்கவில்லை.
"போன்ழூர், க்யூ" என்றது.
ஏழெட்டு எவ்வளவு என்றது.
வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். கழுதை என்றது.

பிள்ளை எப்படி எழுதியிருக்கிறாள் என்று வரிகளைப் பட்டியலிட்டேன்.
வாய்ப்பாடு, வாய்ப்பாடு, வசவு, வாய்ப்பாடு.
340: பெயர் பாப்பா என்றால் 900க்குப் போ.
நமக்குப் பாப்பா குழந்தை. அவர்கள் மொழியில் அப்பா.

விரல் பழக்கத்தில் மறுபடி க்யூ விழ, எனக்கும் ஏழெட்டு.
இரண்டாம் முறை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினேன்.
கணக்கு கேட்கவில்லை.
ஜிபூட்டியிலிருந்து எப்போது வருவீர்கள், தேதி?
கேள்விக்குறி சிமிட்டியது, சிமிட்டியது.
900தான் கடைசி வரி.
பதிலை வைத்து என்ன செய்வதென்று
அவள் எழுதவே இல்லை.

ஏதாவதொரு தேதி போட்டிருக்கலாம்.
விரலும் எண்ணின்மேல்தான் இருந்தது.
கரண்ட் போனது.
மூன்று தெருவும் இருட்டு. அலைச்சத்தம் கிட்டே வந்தது.
எதிர்வீட்டு மாடியிலிருந்து தெக்லா கத்தினாள்,
"யக்கா, நீங்கதானே அங்க வேலை செய்றீங்க,
எப்ப வரும்?"