இணைப்பு எண் பதினேழு

பாக்கி: இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசு.
நுகர்வோர் பெயர்: செல்வி ஜசிந்தா கொரைரா.
முகவரி: பங்களா, தாழைவலசை, வாலிநோக்கம் வழி.
ஐம்பது வருடமாகத் தணிக்கைதோறும்
தலை நீட்டும் இந்த ஒற்றை வரியை
நேரில் பார்த்து முடித்துவிட்டு வா என்றார் உதவிப் பொறியாளர்.
கம்பமே இல்லாத காட்டுக்கு
மீட்டர் பார்க்கப் போனேன்.

உப்பளம் வரைக்கும் பைக்.
அதற்கப்பால் சீமைக்கருவேலம்.
அது காடே இல்லை என்பார்கள்
உள்ளே நுழைந்து பார்க்காதவர்கள்.
குனிந்து, பக்கவாட்டில் திரும்பி,
சட்டையை முள்ளிடமிருந்து
நூல் நூலாய்க் கேட்டு வாங்கி நடக்க வேண்டும்.
முன்னால் போனவர் கரிமூட்டம் போடும் வழிவிட்டான்.
பெயரை நம்பிப் பின்னால் போனேன்.
அவர் ஒதுக்கிய கிளையெல்லாம்
என் முகத்துக்கே திரும்பி வந்தது.

மணல்மேட்டில் ராவணன் மீசை காலைக் கீறியது.
கச்சான் காற்று நாக்கில் உப்பு வைத்தது.
தண்ணீர் பாட்டில் பாதியானபோது
அரிவாளை நீட்டிக் காட்டினார்:
"இது பூராவும் பூந்தோட்டம்."
ஓர் அடம்பங்கொடிகூட இல்லை.
பாத்தி கட்டத் தலைகீழாய் நட்ட
பச்சை பாட்டில்கள் பத்துப் பன்னிரண்டு
மண்ணில் பிட்டம் காட்டிக் கிடந்தன.

கொழும்பிலிருந்து தோணியில் பியானோ இறக்கினாளாம்.
அதற்குக் குடை பிடிக்க மட்டும்
சம்பளத்துக்கு நாலு பேர்.
பௌர்ணமிக்குப் பௌர்ணமி விருந்து.
ஜமீன்தாரோ நீதிபதியோ, விமானம் ஓட்டுகிறவனோ,
வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தர வேண்டும்.
எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்
கிணற்றுக்குள் இறக்கிவிடுவாள்.
விடிந்த பிறகுதான் ராட்டினம் சுற்றும்.

கூடத்தின் நடுவில் நீரூற்று. நல்ல தண்ணீர்.
மணலைத் தோண்டிக் காத்திருந்து
சிரட்டையால் மொள்ளுகிற ஊரில்.

"எங்கய்யா சுமந்தாரு. ராத்திரிக்கு நாப்பது குடம்.
கூலி போக ஒரு ஐஸ்கட்டி குடுக்கும் அந்தம்மா.
துண்டுல சுத்திக்கிட்டு ஓடி வருவாரு, எனக்குன்னு.
வீடு வந்து பிரிச்சா
துண்டு மட்டும் நனைஞ்சிருக்கும்."
சொல்லிவிட்டு முள் வெட்டத் தொடங்கினார்.
கோபமா என்று முகத்தைப் பார்த்தேன்.
கரிதான் இருந்தது.

பிறகு, திடீரென்று, சுவர்.
முருகைக்கல். சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம்
சின்னச் சின்னக் கண்ணறைகள்,
ஒரு காலத்தில் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் குடியிருந்தது.
ஏழு படி ஏறி எங்கும் போகாமல் நிற்கும் மாடிப்படி.
குளியல் தொட்டியில் ஆந்தை எச்சம்.
மீட்டர் இருந்தது!
கண்ணாடிக்குள் குளவி கூடு கட்டி
எண்களை மண்ணால் பூசியிருந்தது.

பியானோ எங்கே என்றேன்.
"பல்லைப் பூராம் பிள்ளைக பிடுங்கிட்டுப் போயிருச்சுக.
பெட்டிய நாந்தான் மூட்டத்துல வச்சேன்."
கொஞ்சம் யோசித்து,
"கரி கம்மியாத்தான் விழுந்துச்சு" என்றார்.

கூடத்தில் நின்று படிவம் நிரப்பினேன்.
மேலே வெறும் வானம், ஒரு பருந்து.
'கூரை முற்றிலும் இடிந்துவிட்டது' என்று எழுதும்போது
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"இடியலைங்க. போடவே இல்லை.
நட்சத்திரம் மறைக்கும்னு வேணாம்னுட்டுச்சு.
மழை வந்தா வந்தவுக அம்புட்டுப் பேரும் நனைவாக.
பியானோவுக்கு மட்டும் குடை."

தரையைப் பார்த்தேன்.
ஓர் ஓட்டுச்சில்லு இல்லை, ஓர் உத்தரத் துண்டு இல்லை.
வந்ததும் கவனித்திருக்க வேண்டும்.
எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன்:
கூரை - ஆரம்பம் முதல் கிடையாது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம்.
'வசூலிக்க இயலாது' என்று நிரப்பச் சொல்லித்தான்
அனுப்பியிருந்தார்கள்.
வழிவிட்டான் என் பாட்டிலை வாங்கி
அண்ணாந்து, உதட்டில் படாமல்,
ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார்.
நிலுவை என்றே எழுதினேன்.
உதவிப் பொறியாளர் கேட்டால்
முகவரி சரியாக இருக்கிறது என்பேன்.